காட்டுப்பன்றி, ரிவால்வர், தோட்டா: புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தருமபுரி வட்டாரத்தில் காட்டுப்பன்றியோடு மல்லுக்கட்டுவது நேற்று தொடங்கியது அல்ல. இங்கே கிடைத்த நடுகற்களில் ‘பன்றி குத்திப் பட்டான்’ கல் என்றே ஒரு வகை உண்டு. பன்றியோடு போராடி உயிர்விட்ட வீரனுக்கு ஊர் எடுத்த கல் அது. கம்பைநல்லூர்ப் பக்கம் மரவள்ளியும் நிலக்கடலையும் போடுகிறவர்களுக்கு அந்தப் பகை இன்னும் தீரவில்லை. ஒரு கூட்டம் உள்ளே புகுந்தால் கிழங்கைத் தின்பது கொஞ்சம், கிளறிப்போடுவது அதிகம்.

அதனால்தான் கேள்விகள் வருகின்றன. ரிவால்வருக்கு லைசென்ஸ் வாங்கலாமா? எந்தத் தோட்டா போட்டால் பன்றி விழும்? வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டுவது போலத் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பலாமா? மூன்றுக்கும் படிப்படியாகப் பதில் சொல்கிறது இந்த வழிகாட்டி. ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். நம் ஊரில் எந்தத் தோட்டா என்பதை உரிமமும் துப்பாக்கியில் பொறித்திருக்கும் அளவும் முடிவு செய்கின்றன. நம் விருப்பத்துக்கு அதில் இடம் குறைவு.

## படி 1: எதற்குத் துப்பாக்கி என்று தெளிவாகுங்கள்

வேட்டைக்கு என்றால் இங்கேயே நின்றுவிடலாம். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. காட்டுப்பன்றிக்கும் இது பொருந்தும்; 2022 திருத்தத்துக்குப் பிறகு அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மனித உயிருக்கோ நிற்கும் பயிருக்கோ ஆபத்தான விலங்கைக் கொல்ல, தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ எழுத்துமூலம் அனுமதி தர வேண்டும். கையில் துப்பாக்கி உரிமம் இருப்பது இந்த அனுமதி ஆகாது.

ஜவளகிரி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சனின் கதைகளைப் படித்தவர்கள் அந்தக் காலத்தை நினைத்துக்கொண்டு பேசுவதுண்டு. அவர் தோளில் தொங்கியது .405 வின்செஸ்டர் ரைபிள். அவர் முதல் நூல் வந்தது 1954-இல். அன்றைய சட்டம் வேறு, இன்றைய சட்டம் வேறு.

இன்று ஒருவர் துப்பாக்கி கேட்க முறையான காரணங்கள் மூன்று: உயிர்ப் பாதுகாப்பு, பயிர்ப் பாதுகாப்பு, துப்பாக்கி சுடும் விளையாட்டு. உங்கள் காரணம் எது என்பதைப் பொறுத்தே ஆயுதமும் தோட்டாவும் மாறும்.

## படி 2: காரணத்துக்கு ஏற்ற ஆயுதம்

பயிர்ப் பாதுகாப்பு: 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான் முதலில் சொல்கிறது. அது போதாது என்று உரிம அதிகாரிக்குத் தோன்றினால், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழல் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். நாம் பேச்சில் சொல்லும் 12 போர் இந்த வகை. இந்தப் பிரிவில் ரிவால்வருக்கு இடமே இல்லை.

உயிர்ப் பாதுகாப்பு: ரிவால்வர் வருவது இங்கேதான். உயிருக்கு என்ன அச்சுறுத்தல் என்று நீங்கள் காட்ட வேண்டும். ‘பன்றி வருகிறது’ என்பது பொதுவாக இதற்குப் போதாது.

விளையாட்டு: அங்கீகரிக்கப்பட்ட ரைபிள் கிளப்பில் உறுப்பினராகி .22 ரைபிள் அல்லது ஏர் ரைபிளில் தொடங்கலாம். துப்பாக்கியைப் பிடிக்கவே தெரியாதவர்களுக்கு மிகவும் பயனுள்ள வழி இதுதான். பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, சுடுதளத்தில் கற்றுக்கொள்ளும் ஒழுக்கம் வேறெங்கும் கிடைக்காது.

## படி 3: உரிமம் வாங்குவது

விண்ணப்பம் மத்திய உள்துறையின் இணையதளம் வழியாகப் போகிறது. மாவட்டத்தில் உரிம அதிகாரி மாவட்ட ஆட்சியர். காவல் நிலைய விசாரணை அறிக்கை வந்த பிறகு அவர் முடிவெடுப்பார். கவனிக்க வேண்டியவை:

- வயது 21 நிரம்பியிருக்க வேண்டும்.
- அடையாளம், முகவரிச் சான்றுகளோடு உடல்நலம், மனநலம் பற்றிய மருத்துவச் சான்று தேவை.
- பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் சிட்டா, அடங்கல் போன்ற நில ஆவணங்களையும், பன்றிச் சேதத்துக்கு முன்பே கொடுத்த மனுக்களின் நகல்களையும் சேர்த்து வையுங்கள்.
- 2016 ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சியை வலியுறுத்துகின்றன. அதை வெறும் சான்றிதழாக நினைக்காதீர்கள்.
- 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகளே வைத்திருக்கலாம். உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.
- மறுத்தால் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு.

உரிமம் கைக்கு வந்ததும் மூன்று இடங்களை விரல் வைத்துப் படியுங்கள்: ஆயுதத்தின் வகை, தோட்டாவின் அளவும் எண்ணிக்கையும், உரிமம் செல்லும் எல்லை. ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஓர் ஆண்டில் எத்தனை வாங்கலாம் என்பது அதில் எழுதியிருக்கும். அந்த எண்ணைத் தாண்டினால் தோட்டா சட்டவிரோதமாகிவிடும். துப்பாக்கிக்கு உரிமம் இருப்பது காப்பாற்றாது.

## படி 4: தோட்டாவின் உறுப்புகளை அறியுங்கள்

ரிவால்வர் தோட்டாவில் நான்கு உறுப்புகள். வெளியே பித்தளைக் கூடு. அதன் அடியில் நடுவே பிரைமர். துப்பாக்கியின் ஊசி குத்துவது இதைத்தான். கூட்டுக்குள் வெடிமருந்து. வாயில் ஈயக் குண்டு, அல்லது செம்பு உறை போட்ட ஈயக் குண்டு. பறந்து போவது குண்டு மட்டும். சுட்ட பிறகு கூடு, தோட்டாக்களைத் தாங்கும் உருளையிலேயே தங்கிவிடும்.

கூட்டின் அடியில் எழுத்துகள் பொறித்திருக்கும். தயாரித்த ஆலையின் குறியும் அளவும் அங்கே இருக்கும். இந்திய ஆலைத் தோட்டாக்களில் ‘கே.எஃப்.’ என்ற குறியைப் பார்க்கலாம். புனே அருகே கட்கியில் உள்ள வெடிபொருள் தொழிற்சாலையின் அடையாளம் அது. 2021 அக்டோபர் 1 முதல் அந்த ஆலை மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வருகிறது. தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து வகையைத் தயாரிப்பதில் தமிழ்நாட்டுக்கும் நீண்ட பழக்கம் உண்டு. நீலகிரி அரவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது.

அடியில் இருக்கும் அளவும், துப்பாக்கிக் குழலிலோ சட்டகத்திலோ பொறித்திருக்கும் அளவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ‘கிட்டத்தட்ட அதேதான்’ என்று கடையில் யாராவது சொன்னால் வாங்காதீர்கள்.

## படி 5: ரிவால்வருக்கு எந்தத் தோட்டா?

ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் தோட்டாவை ஏற்கும் 9 எம்.எம்., .38, .455 போன்ற அளவுகள் தடை செய்யப்பட்ட ‘போர்’ (குழல் அளவு) வகையில் வரும். மாவட்ட அளவில் சாதாரண உரிமத்தில் அவை கிடைக்காது. அதனால் நம் நாட்டில் பொதுமக்களின் ரிவால்வர் என்றால் பெரும்பாலும் .32 தான். கான்பூர் அரசு ஆலையில் 2014-இல் வெளிவந்த ‘நிர்பீக்’ என்ற எடை குறைந்த ரிவால்வரும், 2023-இல் வந்த ‘பிரபல்’ ரிவால்வரும் இந்த அளவுதான். பொதுமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதி 1980-களிலேயே நிறுத்தப்பட்டதால், பழைய வெளிநாட்டு ரிவால்வர்களுக்கு விலையும் அதிகம், தோட்டா கிடைப்பதும் அரிது.

குழப்பிக்கொள்ளக் கூடாத இடம்: .32 ரிவால்வர் தோட்டா வேறு, .32 பிஸ்டல் தோட்டா வேறு. ரிவால்வருக்கானது .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங். கூட்டின் நீளம் சுமார் 23 மி.மீ.; அடியில் விளிம்பு துருத்தி நிற்கும். பிஸ்டலுக்கானது .32 ஏ.சி.பி. கூடு சுமார் 17 மி.மீ.; விளிம்பு மிகச் சிறியது. இரண்டையும் பேச்சில் ‘பாயின்ட் முப்பத்திரண்டு’ என்றே சொல்வதால், வாங்கும்போது ‘ரிவால்வர் தோட்டா’ என்று சொல்லிக் கேளுங்கள். பெட்டியைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இது பன்றிக்கு ஆகுமா? ஆகாது. கணக்கு இப்படி: .32 ரிவால்வர் குண்டின் எடை சுமார் 6 கிராம். குழலை விட்டுப் போகும்போது அதன் ஆற்றல் சுமார் 150 ஜூல். அமெரிக்காவில் பன்றி, மான் வேட்டைக்குப் பயன்படும் .44 மேக்னம் 1955-இல் வந்தது. அதன் குண்டு 15 கிராமுக்கு மேல், ஆற்றல் 1,200 ஜூலைத் தாண்டும். 2003-இல் வந்த .500 ஸ்மித் அண்ட் வெஸன் மேக்னம் இன்னும் பெரியது. அங்கே ‘வேட்டை ரிவால்வர்’ என்று பேசுவது இந்த வகையைத்தான். கெட்டியான தோளும் தடித்த தோலும் கொண்ட ஆண் பன்றி மீது .32 பட்டால் அது விழாது. காயத்தோடு திரும்பிப் பாயும். காயம்பட்ட பன்றியைப் போல ஆபத்தான விலங்கு நம் வயல்களுக்கு வருவதில்லை.

அந்தப் பெரிய தோட்டாக்களுக்கும் விலை உண்டு. .32 லாங்கின் அறை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு அளவில் நிற்கும்; .44 மேக்னத்தில் 36,000 வரை போகும். பின்னுதைப்பு மணிக்கட்டைத் தூக்கியடிக்கும். பழகாதவர் அடுத்த முறை விசையை அழுத்தும்போதே கண்ணை மூடிவிடுவார். ஆகவே எங்கேயானாலும் முதல் விதி ஒன்றே: தாங்க முடிகிற, குறி தவறாமல் சுட முடிகிற அளவே சரியான அளவு.

## படி 6: 12 போர் வைத்திருப்பவர்களுக்கு

ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், ஒரு உருண்டையின் விட்டம்தான் 12 போர் குழலின் அளவு. சுமார் 18.5 மி.மீ. இதற்கான தோட்டாவில் ஒற்றைக் குண்டுக்குப் பதில் ஈய ரவைகள் இருக்கும். இந்திய ஆலைத் தோட்டாக்களில் எல்.ஜி., எஸ்.ஜி. என்பவை பெரிய ரவைகள். எண்கள் கூடக்கூட ரவை சிறிதாகும்.

மூன்று விஷயங்களைப் பாருங்கள்:

1. அறையின் நீளம். பழைய துப்பாக்கிகளில் பல 65 மி.மீ. தோட்டாவுக்குச் செய்யப்பட்டவை. 70 மி.மீ. தோட்டா அதற்குள் நுழையும். ஆனால் சுடும்போது கூட்டின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள், தெரியாவிட்டால் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் அளந்து பாருங்கள்.
2. பெட்டியின் வயது. பித்தளையில் பச்சை பூத்தது, நசுங்கியது, ஈரம் பட்டு உப்பியது எல்லாம் விலக்கப்பட வேண்டியவை. ஈரமான தோட்டாவை வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.
3. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது. பெரிய ரவைகள் வயல் வரப்பில் நிற்பதில்லை. எதிர்த்தோட்டத்துக் கொட்டாயில் ஆள் படுத்திருக்கலாம். இரவில் ஒலியை நோக்கிச் சுடுவது கொலைக்குச் சமம்.

வாய்வழி மருந்து கெட்டிக்கும் உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: அந்தக் குழல்கள் கருமருந்துக்காகச் செய்யப்பட்டவை. நவீன தோட்டாவைப் பிரித்து எடுத்த புகையில்லா மருந்தை அதில் போட்டால் குழல் வெடிக்கும். முதலில் போவது சுடுபவரின் இடது கை விரல்கள்.

## படி 7: வீட்டில் தோட்டா நிரப்புவது ஏன் கூடாது?

அமெரிக்காவில் பலர் சுட்ட கூடுகளைப் பொறுக்கி, பிரைமர் மாற்றி, மருந்தும் குண்டும் வைத்து மீண்டும் தோட்டாவாக்குகிறார்கள். செலவு குறையும், தங்கள் துப்பாக்கிக்கு இசைவான வேகத்தை அமைத்துக்கொள்ளலாம் என்பது காரணம். அங்கே அதற்குச் சட்டம் இடம் தருகிறது. ஆலைகளே வெளியிடும் அளவு அட்டவணைகள் இருக்கின்றன. கருவிகள் கடையில் கிடைக்கின்றன.

இங்கே நிலைமை முற்றிலும் வேறு. ஆயுதச் சட்டத்தில் ‘வெடிபொருள்’ என்பதன் வரையறைக்குள் தோட்டாவின் உதிரிப் பாகங்களும், தோட்டா செய்யும் இயந்திரங்களும் வருகின்றன. வெற்றுக் கூடு, பிரைமர், நிரப்பும் அச்சு எல்லாமே கணக்கில் சேரும். உரிமமின்றித் தயாரித்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் வரை சிறை. உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டுகள்.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் ஆபத்து தெளிவு. ரிவால்வர் கூட்டின் உள்ளளவில் மருந்து கொஞ்ச இடத்தையே பிடிக்கும். கை தவறி இரண்டு தடவை போட்டாலும் வெளியே தெரியாது. அடுத்த சுடுதலில் உருளை சிதறும். மருந்து குறைந்தாலோ வேறு விபரீதம். குண்டு குழலின் நடுவே சிக்கிக்கொள்ளும். சத்தம் மெலிதாக வந்ததைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும். ஆலையில் இந்த இரண்டையும் தடுக்க இயந்திரம் ஒவ்வொன்றையும் சோதிக்கிறது. வீட்டுத் திண்ணையில் அதற்கு வழியில்லை.

வெடிமருந்து என்ன செய்யும் என்பது கம்பைநல்லூர்க்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2025 பிப்ரவரியில் ஊருக்கு அருகே பட்டாசுக் கிடங்கில் நடந்த வெடிவிபத்தில் மூன்று பெண்கள் உயிரிழந்தார்கள்.

இதே கணக்கில் சேர்வதுதான் அவுட்டுக்காய். பழத்துக்குள்ளோ மாவுக்குள்ளோ வைக்கும் இந்த நாட்டுவெடி, பன்றிக்கு வைத்தாலும் யானை, மாடு, நாய் என எது கடித்தாலும் வாயைச் சிதைக்கும். பொறுக்கப்போகும் குழந்தையும் தப்பாது.

## படி 8: வாங்குவது, வைப்பது, கொண்டுபோவது

- உரிமம் பெற்ற கடையில் மட்டுமே வாங்குங்கள். ஒவ்வொரு வாங்குதலும் உரிமத்தில் பதியப்பட வேண்டும், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.
- ஆலைப் பெட்டியிலேயே தோட்டாவை வையுங்கள். பல வகைகளை ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள்.
- துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில். அடுப்படிச் சூடும், உரம், பூச்சிமருந்து வைக்கும் அறையின் ஈரமும் ஆகாது.
- சாவி இருக்கும் இடம் பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது.
- வெளியே எடுத்துப் போகும்போது தோட்டா இறக்கிய நிலையில், உறைக்குள், உரிமத்தோடு.
- திருவிழாவிலோ கல்யாணத்திலோ வானத்தை நோக்கிச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.
- தேர்தல் அறிவிப்பு வந்து காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படைத்து, ரசீது வாங்கி, முடிந்ததும் திரும்பப் பெறுங்கள்.
- உரிமதாரர் இறந்துவிட்டால் வாரிசு அதைப் பரணில் விட்டுவைக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ உரிமக் கடையிலோ ஒப்படைத்த பிறகே வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

சுடும்போது விசை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே உருளையைத் திறக்காதீர்கள். குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்து அரை நிமிடம் காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு.

## படி 9: பன்றி வந்தால் உண்மையில் செய்ய வேண்டியது

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த நடைமுறை காப்புக்காட்டிலிருந்து உள்ள தூரத்தை வைத்து நிலத்தை மூன்றாகப் பிரிக்கிறது. 1 கி.மீ. வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சுடுவது வனத்துறை, விவசாயி அல்ல. மனு கிராம அளவில் ஆய்வு செய்யப்பட்டு மேலே போகும்.

அதற்கிடையில் வரப்பைச் சுற்றிப் பழைய சேலை கட்டுவது, வலை கட்டுவது, அகழி வெட்டுவது, முறையாக அனுமதி பெற்ற சூரியசக்தி வேலி என்று வழிகள் உள்ளன. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது மட்டும் வேண்டாம். 2023 மார்ச்சில் இதே மாவட்டத்தில் மாரண்டஹள்ளி அருகே அப்படி இழுத்த கம்பியில் மூன்று யானைகள் இறந்தன, குட்டிகள் தாயின்றி நின்றன, நிலத்துக்காரர் கைதானார்.

## அடிக்கடி வரும் கேள்விகள்

தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. என்ன செய்வது?
உரிமம் இல்லாவிட்டால் அதைச் சுத்தம் செய்யவோ சோதித்துப் பார்க்கவோ வேண்டாம். வக்கீலிடம் பேசிவிட்டு, கிராம நிர்வாக அலுவலர் வழியாகவோ நேராகக் காவல் நிலையத்திலோ ஒப்படையுங்கள்.

பன்றி என் மேல் பாய்ந்து, தற்காப்புக்காகக் கொன்றுவிட்டால்?
நல்லெண்ணத்தோடு உயிரைக் காக்கச் செய்தது குற்றமாகாது என்று வனவுயிர் சட்டமே சொல்கிறது. ஆனால் அந்த உடல் அரசின் சொத்து. கறியாக்கினால் பாதுகாப்பு போய்விடும். உடனே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

ஏர் கன் வாங்கிப் பன்றியை விரட்டலாமா?
காயம் மட்டுமே ஆகும். எந்தக் கருவியால் செய்தாலும் வேட்டை வேட்டைதான்.

## தொடங்குவது எங்கே?

இந்த வாரம் மூன்று வேலைகளை முடியுங்கள். உங்கள் சர்வே எண் காப்புக்காட்டு எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். சேதமான பயிரைத் தேதியோடு படம் எடுத்து, மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்கள் பெட்டியைத் திறந்து, தோட்டாவின் அளவையும் எண்ணிக்கையையும் உரிமத்தோடு ஒப்பிடுங்கள். ஒத்துவராத தோட்டா ஒன்று இருந்தாலும், அதைச் சுட்டுத் தீர்க்காமல் காவல் நிலையத்தில் சொல்லி ஒப்படையுங்கள்.